கீழே பார்க்காத நரி

ஒரு மணி நேரத்துக்கு நாலு ரூபாய்.
ஆளுக்கு இரண்டு போடுவோம்
நானும் டில்லிபாபுவும்.
ஓட்டேரியில் எபிநேசர் அண்ணன் கடை.
முன்பக்கம் எஸ்.டி.டி. பூத்,
பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால்
மூன்று டி.வி., ஒரு டேபிள் ஃபேன்,
நல்லா வாவின் நாற்றம்.

கேசட்டின் மேல் கராத்தே வீரன் படம்.
சொருகினால் வருபவனோ
கோட்டுப் போட்ட நரி, கையில் குடை.
பெயர் இங்கிலீஷில் மின்னி
எழுத்துக்கூட்டுவதற்குள் மறைந்துவிடும்.
நாங்கள் அவனைத் தாசில்தார் என்றோம்.
ஏதோ பழைய கார்ட்டூனில் இருந்து
இறங்கி வந்தவன் என்பதெல்லாம் தெரியாது.
தெருவில் கேபிள் இருந்தது ஒரே வீட்டில்,
அங்கே எந்நேரமும் கிரிக்கெட்.

முதல் ஆட்டக்காரன் எப்போதும் டில்லிபாபு.
அவன் சாகும்வரை
என் கையில் இருக்கும் பட்டன்களுக்கு
உயிர் கிடையாது.
ஆனாலும் அழுத்திக்கொண்டே இருப்பேன்.
'தாண்டுடா தாண்டுடா' என்று கத்துவேன்.
உள்ளுக்குள் 'விழுடா'.
இரண்டும் ஒரே மூச்சில்தான் வந்தன,
இரண்டும் உண்மைதான்.

மூன்றாம் கட்டத்தில்
மலை சட்டென்று முடிந்துபோகும்.
அடுத்த பலகை எட்டாது.
எத்தனை நாலு ரூபாயை
அந்தப் பள்ளத்தில் போட்டோமோ.
வழியைக் கண்டுபிடித்தவன் டில்லிபாபு:
விளிம்பில் தாண்டாதே.
விளிம்பையும் விட்டு
வெறும் காற்றில் இரண்டடி நட.
நரி கீழே பார்ப்பதற்கு முன்
அரை நொடி இருக்கிறது,
அதுவரை காற்றும் தரைதான்.
அப்போ அமுக்கு.

நாலாவது முடிந்ததும்
மறுபடி முதல் கட்டமே வந்தது,
வானம் மட்டும் ஊதா நிறத்தில்.
'அவ்ளோதாம்பா' என்றார் எபிநேசர் அண்ணன்,
ஃபோன் பில் கிழித்துக்கொண்டே.

நாற்பத்து மூன்று வயதில்,
அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட்,
சர்வர்கள் சும்மா உறுமும் நேரம்,
'குடை நரி' என்று எப்படி எப்படியோ தேடி
கடைசியில் பிடித்துவிட்டேன்.
மொத்தம் நூற்றிருபத்தெட்டு கே.பி.
என் மாமா தினமும் அனுப்பும்
காலை வணக்கம் ரோஜாப்பூ
இதைவிடப் பெரிது.

மலை விளிம்பில் பதினோரு முறை விழுந்தேன்.
ஃபோனில் டச் சரியில்லை என்று
யாரும் கேட்காமலே
விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஐந்தாவது கட்டம் வந்தது.

பனி!
எங்கள் கேசட்டில் வெட்டி எறிந்திருந்த பனி.
ஆறாவதில் துறைமுகம்.
தாசில்தார் குடையைக் கவிழ்த்துப் போட்டு
படகாக்கிப் போகிறான்.
அந்தக் குடை எதற்கென்று
முப்பது வருஷம் கழித்துத் தெரிகிறது.

அவனுடைய கார்ட்டூனும் கிடைத்தது, கறுப்பு வெள்ளையில்.
அதில் ஒவ்வொரு முறையும் கீழே பார்க்கிறான்,
ஒவ்வொரு முறையும் விழுகிறான்.
ஒருமுறைகூட அந்தப்பக்கம் போகவில்லை.
பாதியில் நிறுத்திவிட்டேன்.

காலையில் பஸ் பிடித்து ஓட்டேரி போனேன்.
கடை இருந்த இடத்தில் மெட்ரோ தகரம்,
தகர இடுக்கில் கண் வைத்தால்
அடி தெரியாத பள்ளம்.
குறுக்கே ஒரு பலகை.
மஞ்சள் ஹெல்மெட் போட்ட பையன் ஒருவன்
ஃபோனில் யாரையோ இந்தியில் திட்டியபடி
அதன்மேல் போய்க்கொண்டிருந்தான்.
நான்தான் கீழே பார்த்தேன்.

பனியை வீடியோ எடுத்து
டில்லிபாபுவுக்கு அனுப்பினேன்.
அயனாவரத்தில் தண்ணீர் கேன் போடுகிறான்.
'நாப்பது கேன் எறக்கணும், அப்புறம் பாக்குறேன்.'
ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு அடுத்தது:
'டேய், பனியா?
எபிநேசரு ஏமாத்திட்டாருடா.'
கொஞ்ச நேரம் கழித்து:
'ஏழாவது ஆடாத. நான் வர்ற வரைக்கும்
அப்டியே நிறுத்தி வை.'

நிறுத்தி வைத்திருக்கிறேன்.
சார்ஜரில் ஃபோன்,
விளிம்பைத் தாண்டி இரண்டடியில் நரி,
கால் ஒன்று தூக்கியபடி.
இன்னும் கீழே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.
போன வாரமும் அதைத்தான் சொன்னான்.